வாட்டர் ப்ரூஃப் பெயின்ட் கேட்டு வாறவைக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்,

ஐப்பசி மழை தொடங்கப் போகுது, வெள்ளவத்தையில எங்கட கடைக்கு இப்பவே ஆக்கள் வரத் தொடங்கிட்டினம், "தம்பி, அறைச் சுவர் ஊறுது, வாட்டர் ப்ரூஃப் பெயின்ட் ஒரு வாளி தாங்கோ" எண்டு. கவுண்டரில நிக்கிற பெடியள் உடன வாளிய எடுத்துத் தராம, எந்தச் சுவர், அதுக்கு அங்கால பாத்ரூமா வெளியா, மழைக்கு மட்டும் ஊறுதா வெயிலுக்கும் ஊறுதா எண்டு கேள்வி மேல கேள்வி கேக்கினம் எண்டு சில பேருக்குக் கோவம். சாமான் வாங்க வந்தனான், வாக்குமூலம் குடுக்க வரேல்ல எண்டு ஒரு அக்கா முகத்துக்கு நேரவே சொல்லிட்டா. பெடியள்ல பிழையில்ல, நாங்கள்தான் கேக்கச் சொன்னது. ஏன் எண்டு விளங்கப்படுத்தத்தான் இந்த மடல்.

ஊறுற சுவருக்கு உள்பக்கத்தால எவ்வளவு விலையான பெயின்ட் அடிச்சாலும் தண்ணி வாறது நிக்காது, பெயின்டுக்குப் பின்னால நிண்டு அத ஊதப் பண்ணும், சீமெந்திலயும் கல்லிலயும் இருக்கிற உப்பக் கரைச்சுக்கொண்டு வந்து வெள்ளை வெள்ளையாப் பூக்கும், இல்லாட்டி ரெண்டடி தள்ளி இன்னொரு இடத்தால வெளிக்கிடும். அடுத்த மழைக்கு நீங்கள் திரும்பி வந்து உங்கட பெயின்ட் சரியில்ல எண்டுவீங்கள். அதால முதல்ல தண்ணி எங்கால வருது எண்டு பாப்பம், பெயின்ட் கடைசி வேலை.

எங்கால வருது எண்டத சுவரப் பாத்து மட்டும் சொல்ல ஏலாது, எப்ப வருது எண்டு பாக்கோணும். மழை பெய்து கொஞ்ச நேரத்தில ஊறினா கூரை, கூரைத் தண்ணி ஓடுற பீலி, ஜன்னல் ஓரம், வெளிச்சுவர் வெடிப்பு. மழையும் இல்ல ஒண்டும் இல்ல, எந்த நாளும் ஒரே அளவா ஈரம் எண்டா அது பிரஷரில இருக்கிற தண்ணி பைப். ஆரும் குளிச்ச பிறகு மட்டும் கூடுதெண்டா பாத்ரூம் நிலம், டைல்ஸுக்கு நடுவில பூசிற க்ரவுட் தண்ணிய மறிக்காது, டைல்ஸுக்குக் கீழ அடிக்கிற வாட்டர் ப்ரூஃப்தான் மறிக்கும், அத அடிச்சுப்போட்டு டைல்ஸ் பதிக்க முதல் ஒரு முழு நாள் தண்ணி கட்டி வச்சுப் பாக்கோணும், அவசரத்தில கன பேர் அத விட்டுடுவினம். ஏசி போடுற நாளில மட்டும் எண்டா அதின்ர ட்ரெயின் பைப்புக்குள்ள பாசி அடைச்சிருக்கும். கீழ் மாடியில, அதுவும் பழைய வீட்டில, நிலத்தில இருந்து இடுப்பு உயரம் மட்டும் ஊறி மேல காய்ஞ்சு கிடந்தா அது நிலத்தால ஏறுற ஈரம், அது வேற வைத்தியம், அதுக்கு மேல சீமெந்து பூசி மூடினா ஈரம் இன்னும் மேல ஏறும்.

ஆனா தண்ணி விழுற இடத்துக்கு நேர மேலதான் லீக் எண்டு நினைக்காதேங்கோ. காலி வீதிப் பக்கம் ஒரு ஃப்ளாட்டில ஹோல் சீலிங்கில நட்ட நடுவில, ஃபேன் கொழுவுற ஹூக்கில இருந்து சொட்டினது. மேல் வீட்டில அந்த இடத்தில தண்ணிப் பைப்பே இல்ல, அவை ஹோலில சோபா போட்டிருக்கினம், அதால மேல் வீட்டு ஐயாவுக்கும் கீழ் வீட்டு அன்ரிக்கும் முகம் பாக்காத அளவுக்குச் சண்டை. கடைசியில மேல் பாத்ரூம் கமோட் மூலையில கலர் கலந்த தண்ணி ஊத்திப் பாத்தா அடுத்த நாள் காலமை ஃபேனடியில அதே கலர். சிலாப்புக்குள்ள போற கரண்ட் வயர் குழாய் இருக்கே, தண்ணி அதுக்குள்ள இறங்கி அதின்ர வழியாவே நடந்து வந்து ஹோலில விழுந்திருக்கு. வயரும் தண்ணியும் ஒரே குழாய்க்குள்ள, யோசிச்சுப் பாருங்கோ. லைட், ஃபேன் பக்கத்தால தண்ணி வந்தா பாத்திரம் வைக்கிறது பிறகு, முதல்ல அந்த லைன ஓஃப் பண்ணுங்கோ. மழை நாளில ட்ரிப் ஸ்விட்ச் (கரண்ட் ஒழுகினா தானா ஓஃப் ஆகிற ஸ்விட்ச்) திரும்பத் திரும்ப விழுந்தாலும் அதுவும் ஒரு சாட்சிதான், ட்ரிப் ஸ்விட்ச் பழுது எண்டு சொல்லி அதக் கழட்டி நேரடியாக் குடுக்கச் சொல்லி ஆரையும் கேக்காதேங்கோ.

வீட்டில நீங்களே பாக்கக்கூடியது கன இருக்கு, எங்களக் கூப்பிட முதல் பாருங்கோ. ராத்திரி எல்லாப் பைப்பும் பூட்டி, சம்ப் (நிலத்துக்குக் கீழ இருக்கிற தண்ணித் தொட்டி) நிறைஞ்சிருக்கிற நேரத்தில, தண்ணி மீற்றரில இருக்கிற சின்னச் சக்கரத்தப் பாருங்கோ, அது சுத்தக் கூடாது. சுத்தினா மீற்றருக்கும் சம்புக்கும் இடையில லீக், இல்லாட்டி சம்ப் நிறைஞ்சதும் தண்ணிய மறிக்கிற போல் வால்வ் (ball valve) வடிவாப் பூட்டேல்ல. பிறகு மோட்டர ஓஃப் பண்ணிப்போட்டு மேல் டேங்கில தண்ணி நிக்கிற மட்டத்துக்கு ஒரு மார்க் போடுங்கோ, ஆரும் தண்ணி திறக்காம விடியவும் மட்டம் இறங்கியிருந்தா வீட்டுக்குள்ள எங்கயோ போகுது. பில்லில ஒரு யூனிட் எண்டுறது 1,000 லீற்றர், கூடக் கூட யூனிட் விலையும் ஏறும், அதால காரணமில்லாம பில் கூடினா சும்மா கட்டிப்போட்டு விடாதேங்கோ. செக்கனுக்கு ஒரு சொட்டு விழுற பைப்பே வருஷத்துக்கு 10,000 லீற்றருக்கு மேல குடிச்சிடும். மீற்றருக்கு வெளியால ரோட்டுப் பக்கம் லீக் எண்டா அது எங்கட வேலையில்ல, வாட்டர் போர்டுக்கு 1939 அடிச்சுச் சொல்லுங்கோ.

டொய்லெட் சிஸ்டர்ன் (ஃப்ளஷ் தண்ணி நிக்கிற தொட்டி) சத்தமில்லாமக் களவெடுக்கிறதில கெட்டிக்காரன். கேக்குக்குப் போடுற கலரிங்கில கொஞ்சம் சிஸ்டர்ன் தண்ணிக்குள்ள விட்டு அரை மணித்தியாலம் ஃப்ளஷ் பண்ணாம இருங்கோ, கமோட்டுக்குள்ள கலர் வந்தா உள் வாஷர் போயிட்டுது, சின்னச் சாமான், நீங்களே மாத்தலாம்.

குசினி சிங்குக்குக் கீழ இருக்கிற கபேட்ட ஒருக்காத் திறந்து, உள்ளுக்க இருக்கிற ஷொப்பிங் பேக் எல்லாம் வெளிய எடுங்கோ (எல்லார் வீட்டிலயும் இருக்கும், தெரியும்). பலகை ஓரம் பிஸ்கட் தேத்தண்ணிக்குள்ள தோய்ச்ச மாதிரி பொருமியிருந்தா கன நாளாத் தண்ணி போகுது. காய்ஞ்ச டிஷ்யூ ஒண்ட எடுத்து ஒவ்வொரு நட்டையும் சுத்தித் துடைச்சுப் பாருங்கோ, கண்ணுக்குத் தெரியாத ஈரம் டிஷ்யூவில தெரியும். அந்த வெள்ளிக் கம்பி பின்னின ஹோஸில துரு பிடிச்ச புள்ளி கண்டா பொறுக்க வேண்டாம், மாத்துங்கோ, ஊருக்குப் போன நேரம் அது வெடிச்சா வந்து பாக்க வீடு இராது. கடற்கரைப் பக்கம், மரைன் ட்ரைவ் ஃப்ளாட்டுகளில, உப்புக் காத்துக்கு இதெல்லாம் கெதியாவே போகும்.

அலுமாரிக்குப் பின்னால பூஞ்சணம் பிடிச்சிருக்கு, லீக்கா காத்து ஈரமா எண்டு சந்தேகம் இருந்தா, அலுமாரிய இழுத்து சுவரத் துடைச்சுக் காயவிட்டு, அலுமினியம் ஃபொயில் ஒரு துண்டு நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விடுங்கோ. உரிக்கேக்க சுவர்ப் பக்கம் நனைஞ்சிருந்தா தண்ணி சுவருக்குள்ளால வருது, அறைப் பக்கம் வேர்த்திருந்தா காத்து ஈரம், அதுக்கு எங்களிட்ட வாங்க ஒண்டும் இல்ல, அலுமாரிய நாலு இஞ்சி தள்ளி வச்சு ஜன்னலத் திறந்து விட்டாக் காணும்.

பீலிய மழைக்கு முதல் துப்பரவாக்குங்கோ. இலை அடைச்சுத் தண்ணி நிண்டா சுவருக்குள்ள இறங்கிறது ஒரு பக்கம், டெங்கு நுளம்பு மற்றப் பக்கம், பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கண்டா கேஸும் வரும். எங்கயும் நனைஞ்சா 24 இல இருந்து 48 மணித்தியாலத்துக்குள்ள காய வைக்கப் பாருங்கோ, அதுக்குப் பிறகு பூஞ்சணம் வேலையத் தொடங்கிடும். மெத்தை, கார்பெட், சீலிங் போர்ட் எண்டா இன்னும் கவனம், வெளிய காய்ஞ்ச மாதிரி இருக்கும், உள்ளுக்க காய்ஞ்சிராது.

கடைக்கு வரேக்க போட்டோ எடுத்துக்கொண்டு வாங்கோ, ஊறின இடத்த மட்டும் கிட்டப் பிடிச்சு எடுக்காம முழுச் சுவரும் சீலிங்கும் தெரியிற மாதிரி, சுவருக்கு அங்கால பக்கத்தயும் ஒண்டு. எங்கட பிளம்பர் பாஸ் வந்து பாக்கோணும் எண்டா முதலே சொல்லுங்கோ, பாக்கிற கூலி தனி, சாமான் எங்களிட்ட எடுத்தா அதக் கழிச்சு விடுறம். மேல் வீட்டிலயும் பாக்க வேண்டி வந்தா அவையோட நீங்கள் முதல்லயே கதைச்சு வையுங்கோ, நாங்கள் போய்க் கதவு தட்டினா திறக்கிறேல்ல. போயாவுக்கும் (பௌர்ணமி லீவு) ஞாயிறு பின்னேரமும் கடை பூட்டு.

இப்படிக்கு,
கடை முதலாளியும் கவுண்டர் பெடியளும்
வெள்ளவத்தை, கொழும்பு 6