தக்காளி நாற்றுக்குச் சன்னல் வெளிச்சம் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுக்குள் தக்காளி நாற்று வளர்ப்பது பற்றித் தங்கள் தோட்டப் பக்கத்தில் வந்த குறிப்பு, 'விதையைத் தூவுங்கள், சன்னலோரம் வையுங்கள், தினமும் தண்ணீர் ஊற்றுங்கள்' என்று மூன்று வரியில் முடிந்துவிட்டது. இந்த மூன்றில் பின்னிரண்டும்தான் பெரும்பாலான நாற்றுகளைக் கெடுக்கின்றன. தக்காளி விதை முளைக்காமல் போவது குறைவு. முளைத்தது நூல்போல் நீண்டு சாய்வதும், அடித்தண்டு கறுத்து ஓர் இரவில் விழுவதுமே அடிக்கடி நடப்பவை. காரணம் தெரிந்தால் இரண்டையும் தடுத்துவிடலாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வெளிச்சம். சன்னலோரம் நம் கண்ணுக்குப் பளிச்சென்றுதான் இருக்கும். கண் எந்த வெளிச்சத்துக்கும் பழகிக்கொள்ளும். அளந்து பார்த்தால் கதை வேறு. திறந்தவெளியில் நண்பகல் வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). வெயில் நேரே விழாத சன்னலிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளினால் ஆயிரம், இரண்டாயிரம் லக்ஸ் இருந்தாலே அதிகம். வெளிச்சம் குறைந்தால் நாற்று, தன்மேல் நிழல் விழுகிறது என்று கொண்டு, அதைத் தாண்டி ஏறப் பார்க்கிறது. விதையிலைக்கு, அதாவது முதலில் விரியும் இரட்டை இலைக்கு, கீழுள்ள தண்டின் செல்கள் நீரை வாங்கி நீள்கின்றன. தண்டுக்கு நீளம் கூடுகிறதே தவிர வலு கூடுவதில்லை. கடைசியில் தன் இலையின் பாரத்தையே தாங்காமல் மடிகிறது. முளைத்த முதல் மூன்று நான்கு நாட்களிலேயே இந்த நீட்சியின் பெரும்பகுதி நடந்துவிடும். அதன்பின் எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும் நீண்ட தண்டு குட்டையாகாது. எனவே முதல் முளை தலைகாட்டிய அன்றே விளக்கு எரிந்தாக வேண்டும்.

விளக்கு என்றதும் ஊதா நிறத்தில் ஒளிரும் சிறப்பு விளக்கைத் தேட வேண்டாம். 5000 முதல் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு; உறையில் இருக்கும்) வரையிலான சாதாரண வெள்ளை எல்.இ.டி. குழல் விளக்கே நாற்றுப் பருவத்துக்குப் போதும். முக்கியம் தூரம்தான். குழல் விளக்கை நாற்றின் நுனியிலிருந்து 5 முதல் 10 செ.மீ. உயரத்தில் தொங்கவிட வேண்டும். அறையின் உத்தரத்தில் எரியும் விளக்கால் செடிக்கு எந்தப் பயனும் இல்லை. நாற்று வளர வளர விளக்கையும் உயர்த்த வசதியாகச் சங்கிலியிலோ கயிற்றிலோ கட்டிக்கொள்ளுங்கள். அதிகத் திறனுள்ள பலகை விளக்கானால் 30 முதல் 45 செ.மீ. தள்ளி வைக்கலாம். நுனி இலை வெளுத்தாலோ ஓரம் மேல்நோக்கிச் சுருண்டாலோ விளக்கு மிக நெருங்கிவிட்டது என்று பொருள்.

நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரிந்தால் போதும். ஒரு டைமர் மாட்டிவிட்டால் மறதிக்கு இடமில்லை. கூடுதல் வெளிச்சம் நல்லதுதானே என்று இரவு பகலாக எரியவிடுபவர்கள் உண்டு. தக்காளிக்கு அது ஆகாது. தொடர்ந்து 24 மணி நேரமும் வெளிச்சத்தில் இருந்தால் அதன் இலை திட்டுத்திட்டாக மஞ்சளாகும். அதற்கு இருட்டும் வேண்டும். விளக்குக்கு வழியே இல்லாதவர்கள் வெயில் நேரே விழும் சன்னலைத் தேர்ந்து, தட்டை நாள்தோறும் அரைச்சுற்றுத் திருப்பி, அறைப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தி வைக்கலாம். விளக்குக்கு இது ஈடாகாது. இருந்தாலும் நாற்று ஒரே பக்கம் வளைவது குறையும்.

வெளிச்சத்தோடு பிணைந்தது வெப்பம். முளைக்கும்வரை ஒரு கணக்கு, முளைத்தபின் வேறு கணக்கு. மண்ணின் வெப்பம் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் ஆறு நாளில் முளைக்கும். 20 டிகிரியில் எட்டு நாள், 15 டிகிரியில் இரண்டு வாரம் ஆகும். 10 டிகிரியில் ஒரு மாதத்துக்கும் மேல் இழுக்கும், அதற்குள் விதை அழுகிவிடவும் கூடும். முளைக்கும்வரை வெளிச்சம் தேவையில்லை என்பதால், வெதுவெதுப்பான இடம் எதுவானாலும் சரி. முளைத்த பிறகு அதே வெப்பம் கெடுதல். பகலில் 20 முதல் 24, இரவில் 16 முதல் 18 டிகிரி என்ற அளவில் வைத்தால் தண்டு குட்டையாகத் தடிக்கும். குறைந்த வெளிச்சமும் நிறைய வெப்பமும் சேரும் இடத்தில்தான் நாற்று மிக மோசமாக நீளுகிறது. அடியில் வெப்பப் பாய் வைத்திருந்தால், பாதி விதை முளைத்தவுடன் அதை எடுத்துவிடுங்கள்; மேலே மூடிய கண்ணாடித்தாளையும் அப்போதே அகற்ற வேண்டும்.

நாற்றுக் கலவைக்குத் தோட்டத்து மண்ணை எடுக்காதீர்கள். சிறு குழியில் அது இறுகி, வேருக்குக் காற்றில்லாமல் செய்துவிடும். நோய்க்கிருமியும் கூடவே வரும். தென்னை நார்க்கழிவுத் தூள் 2 பங்கு, சலித்த மண்புழு உரம் 1 பங்கு, பெர்லைட் (வெள்ளையான, எடை குறைந்த கனிமத் துகள்) அல்லது கழுவிய கரடான மணல் 1 பங்கு என்ற கலவை நன்றாக வேலை செய்யும். நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால் கட்டியை ஊறவைத்து, வடியும் நீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, விதையிலையின் ஓரம் கருகுவதற்கு விதையைக் குறை சொல்பவர்கள் பலர். மண்புழு உரம் நல்லதென்று பாதிக்குப் பாதி சேர்த்தாலும் அதே கருகல் வரும். கலவையை நனைத்துக் கையில் இறுகப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஓரிரு சொட்டு நீர் மட்டும் கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம்.

பழைய குழித்தட்டைத் திரும்பப் பயன்படுத்துவதானால், வீட்டு பிளீச்சிங் திரவம் 1 பங்குக்கு நீர் 9 பங்கு கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி உலர்த்துங்கள். விதையை அரை முதல் ஒரு செ.மீ. ஆழத்தில் குழிக்கு இரண்டாக இட்டு, மேலே கலவையைத் தூவி லேசாக அழுத்துங்கள். அந்த அழுத்தம் அவசியம். மேல்மண் பொலபொலவென்று இருந்தால் முளை விதைத்தோலைத் தொப்பிபோல் தலையில் மாட்டிக்கொண்டே வெளிவரும். அப்படி வந்தால் பிய்க்காமல் ஒரு சொட்டு நீர் விட்டு, ஊறிய பின் நகத்தால் மெல்லத் தள்ளினால் கழன்றுவிடும். இரண்டும் முளைத்தால் மெலிந்ததைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் அறும்.

இனி தண்ணீர். நாற்றழுகல் என்பது பித்தியம், ரைசோக்டோனியா போன்ற, பூஞ்சாணமோ அதை ஒத்ததோ ஆன மண் கிருமிகளால் வருவது. மண்ணின் மேற்பரப்பை ஒட்டித் தண்டு நீர்கோத்ததுபோல் கறுத்துச் சுருங்கும், இலை பச்சையாக இருக்கும்போதே நாற்று விழும். விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. இந்தக் கிருமிகள் பரவ எப்போதும் ஈரமான மேல்மண்ணும் அசையாத காற்றும் வேண்டும். 'தினமும் தண்ணீர்' என்ற அறிவுரை அந்த ஈரத்தைத் தவறாமல் கொடுக்கிறது. மேல்மண் வெளிறி உலர்ந்த பிறகு, தட்டைத் தூக்கிப் பார்த்து, எடை குறைந்திருந்தால் மட்டும் நீர் கொடுங்கள். அதையும் மேலே ஊற்றாமல், அகன்ற பாத்திரத்தில் ஒன்றிரண்டு செ.மீ. நீர் ஊற்றித் தட்டை அதில் 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுங்கள். மிச்ச நீரைக் கொட்டிவிட வேண்டும். தட்டு தண்ணீரிலேயே நின்றால் வேர் மூச்சுத் திணறும். ஒரு குழியில் நோய் தெரிந்தால் மண்ணோடு அதை அப்புறப்படுத்தி, இரண்டு நாள் நீரை நிறுத்திக் காற்றோட்டம் கொடுங்கள். கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத் தூளைக் கலந்து விதைப்பது நல்ல முற்காப்பு. வீட்டளவில் ஒரு சிட்டிகை போதும். நோய் வந்தபின் தூவினால் அது விழுந்த நாற்றை எழுப்பாது. ஈரம் மிகுந்த தட்டின்மேல் சிறு கறுப்பு ஈக்கள் பறந்தால் அவற்றின் புழுக்கள் மண்ணுக்குள் இளவேரைத் தின்கின்றன. மஞ்சள் ஒட்டும் அட்டை பறப்பவற்றைப் பிடிக்கும்; மேல்மண் காய்ந்தால்தான் புழு ஒழியும்.

ஒரு சிறு மின்விசிறி இங்கே இரட்டை வேலை செய்கிறது. இலை மெல்ல அசையும் அளவுக்கு நாளில் சில மணி நேரம் ஓடினால் மேல்மண் உலரும், அசைவுக்கு ஈடுகொடுத்துத் தண்டும் தடிக்கும். விசிறி இல்லையென்றால் காலையும் மாலையும் நாற்றுகளின் தலையை உள்ளங்கையால் பத்துப் பதினைந்து முறை மெல்லத் தடவிவிடுங்கள். தடவப்படும் தக்காளி நாற்று உண்மையிலேயே குட்டையாக வளர்கிறது.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெட்டுவெட்டாக ஓரம் கொண்ட முதல் மெய்யிலை விரியும்வரை எதுவும் வேண்டாம். அதன்பின் வாரம் ஒருமுறை, சமச்சீர் திரவ உரத்தை உறையில் சொன்னதில் கால் பங்கு வலுவில் கொடுத்தால் போதும். இலையின் அடிப்பக்கம் ஊதாவாக மாறினால் உடனே மணிச்சத்தை (பாஸ்பரஸை) கொட்டாதீர்கள். பெரும்பாலும் மண் குளிர்ந்திருப்பதே காரணம்; சத்து இருந்தும் குளிர்ந்த வேரால் உறிஞ்ச முடியவில்லை. வெப்பம் ஏறினால் புதிய இலை பச்சையாக வரும்.

இரண்டு மெய்யிலை விரிந்ததும் 8 முதல் 10 செ.மீ. அகலக் குவளைக்கு மாற்ற வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் பூங்கொத்துக்கான மொட்டு, இரண்டு மூன்று மெய்யிலைப் பருவத்திலேயே தண்டின் நுனிக்குள் உருவாகத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் வேர் நெருக்கத்தில் வாடினால் அந்த வாட்டம் முதல் காய்ப்பில் தெரியும். மாற்றும்போது விதையிலையைப் பிடித்துத் தூக்குங்கள். இலை கிழிந்தால் செடி பிழைக்கும், தண்டு நசுங்கினால் பிழைக்காது. தக்காளியின் தண்டு மண்ணைத் தொட்ட இடமெல்லாம் வேர்விடும் என்பதால் விதையிலைக்குச் சற்றுக் கீழ்வரை புதைக்கலாம். ஏற்கெனவே நீண்டுவிட்ட நாற்றைத் தேற்றவும் இதுவே வழி. ஒட்டு நாற்றை மட்டும் அப்படிப் புதைக்கக் கூடாது. ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். புகையிலையைத் தொட்ட கையோடு நாற்றைத் தொடுவதும் தவறு. புகையிலை தேமல் வைரஸ் தக்காளியையும் தாக்கும். சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

எப்போது விதைப்பது என்பதை நடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஐந்து முதல் ஆறு வாரம் சரியான இடைவெளி. எட்டுப் பத்து வாரம் முன்பே விதைத்தால் பெரிய செடி கிடைக்கும் என்பது வெறும் ஆசை. குவளைக்குள் வேர் சுற்றிச் சுற்றி முறுகி, பூவும் விட்டுவிட்ட செடி, நட்ட பிறகு வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும். 15 முதல் 20 செ.மீ. உயரம், பென்சில் தடிமனில் தண்டு, ஐந்து முதல் ஏழு இலை, பூ இல்லை. நடுவதற்கு ஏற்ற நாற்று இப்படித்தான் இருக்கும்.

நடுவதற்கு முன் ஏழு முதல் பத்து நாள் வெளியில் பழக்குங்கள். முதல் நாள் காற்று அடிக்காத நிழலில் ஒரு மணி நேரம். பிறகு நாளுக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டி, நான்காம் ஐந்தாம் நாளில் காலை வெயில், கடைசி இரண்டு மூன்று நாள் முழு வெயிலும் இரவும். இதைத் தவிர்த்து நேரே வெயிலில் வைத்தால் இலை காகிதம்போல் வெளுத்துக் காய்ந்துவிடும். இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உள்ளே எடுத்துவிடுங்கள். இலைச்சுருட்டு வைரஸ் உள்ள பகுதிகளில் இந்தப் பத்து நாளும் நாற்றின்மேல் 40 முதல் 50 மெஷ் நைலான் வலை இருக்க வேண்டும். அந்த வைரஸைச் சுமந்து வரும் வெள்ளை ஈ காத்திருப்பது இந்தப் பருவத்துக்குத்தான், நாற்றிலேயே வைரஸ் ஏறிய செடியில் காய் எதிர்பார்க்க முடியாது.

இந்தக் குறிப்பைத் தாங்கள் மீண்டும் வெளியிடும்போது, விளக்கின் கீழ் வளர்ந்த குட்டை நாற்றையும் சன்னலோரத்தில் நீண்ட நாற்றையும் ஒரே வயதில் பக்கத்தில் பக்கமாகப் படம்பிடித்துப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 'தினமும் தண்ணீர்' என்ற வரியையும் நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்