கீழிருந்து வரும் ஒளியும் மேலிருந்து வரும் தீர்ப்பும்

பறவை ஒளிப்படப் போட்டிகளின் நடுவர்களுக்கும், அவற்றுக்கு விதிமுறை எழுதுவோருக்கும்,

வணக்கம்.

‘இயற்கையாகத் தோன்றவில்லை.’ நீங்கள் ஒதுக்கும் படங்களுக்குச் சொல்லும் காரணங்களில் அடிக்கடி தலைகாட்டுவது இந்த ஒற்றை வரிதான். பறக்கும் பறவைகளைப் படமெடுப்பதிலும் அவற்றைத் திருத்துவதிலும் பொழுதைக் கழிக்கும் எங்களுக்கு இந்த வரியோடு ஒரு வழக்கு இருக்கிறது. தீர்த்துவைக்கும் அதிகாரம் உங்கள் கையில் இருப்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

ஆழமில்லாத கடற்கழியின் மேல் வெள்ளை ஆலா என்னும் கடற்பறவை ஒன்று உச்சி வெயிலில் பறக்கிறது. வெயில் நீருக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் வெண்மணலில் பட்டுத் திரும்புகிறது. போகும்போதும் வரும்போதும் நீர் சிவப்பை விழுங்கிவிடுகிறது; மிஞ்சி மேலே வருவது நீலப்பச்சை. ஆலாவின் அடிச்சிறகு வெள்ளை என்பதால் வந்த நிறத்தை அப்படியே ஏந்திக்கொள்கிறது. படத்தில் வயிறும் அடிச்சிறகும் பச்சை பூசியதுபோல் ஒளிர்கின்றன. இதை உள்ளபடி அனுப்பினால் ‘அளவுக்கு மீறிய நிறச்செறிவு’ என்று திரும்பி வருகிறது. அந்தப் பச்சையை உறிஞ்சியெடுத்து, வயிற்றை வெள்ளை வெளேரென்று ஆக்கி அனுப்பினால் அடுத்த சுற்றுக்குப் போகிறது. கைபட்ட படத்துக்குப் பரிசு, படாத படத்துக்குச் சந்தேகம்!

பனிவெளியின் மேல் பறக்கும் பறவைக்கும் இதே கதிதான். புதுப் பனி தன் மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பிவிடும். சிறகுக்கு அடியில் நிழல் இருக்க வேண்டிய இடம் நிழலே இல்லாமல் துலங்கும். திருத்தும் மென்பொருளில் நிழலை வெளிச்சமாக்கும் ஷேடோ ஸ்லைடரை வலது கோடிவரை இழுத்துவிட்டான் என்று நினைக்கத் தோன்றும். இழுத்தது பனி.

நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக ஆண்டுதோறும் வானை நோக்கிப் பாய்ச்சும் விளக்குத் தூண்களுக்குள் வலசைப் பறவைகள் சிக்கிச் சுற்றுவதும், எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டினால் விளக்குகளைச் சிறிது நேரம் அணைத்துவைப்பதும் நீங்கள் அறிந்ததே. அங்கே ஒளி முழுவதும் கீழிருந்து வருகிறது. முதுகு இருட்டு, வயிறு வெளிச்சம். நாம் பழகிய பறவைப் படத்துக்கு இது நேர் தலைகீழ். பழக்கத்தைத்தானே நீங்கள் இயற்கை என்கிறீர்கள்?

கருவிகளும் இந்தப் பழக்கத்துக்கு அடிமைதான். 2020 செப்டம்பர் 9 அன்று காட்டுத்தீப் புகையால் சான் பிரான்சிஸ்கோவின் வானம் பட்டப்பகலில் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. கைபேசியை உயர்த்திப் படமெடுத்த பலருக்கும் கிடைத்தது சாம்பல் நிற வானம். இவ்வளவு ஆரஞ்சு இருக்க வாய்ப்பில்லை என்று, ஒளியின் சாயலை ஈடுகட்டி வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் முடிவு செய்து அதைச் ‘சரிசெய்து’விட்டது. கண்ணால் கண்டதைக் காட்ட அன்று அமைப்பைக் கையால் மாற்ற வேண்டியிருந்தது. திருத்தாத படமே உண்மையான படம் என்று விதி எழுதுவோர் அந்த ஒரு நாளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஓசனிச்சிட்டு சூரியனுக்கு நேர் முன்னால் சிறகடிக்கும்போது, நுண்ணிய இறகிழைகளின் ஊடே வரும் ஒளி சிதறி, சிறகெங்கும் வானவில் விரிவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கணினியில் வரைந்தது என்று சத்தியம் செய்யத் தோன்றும், முழுக்க இயற்பியல். மீன்கொத்தியின் நீலத்தில் நீல நிறமி என்று ஒன்று இல்லை, இறகின் நுண்கட்டமைப்பு செய்யும் வேலை அது. ஆக, நிறம் நம்ப முடியாததாக இருக்கிறது என்பது பறவைகளைப் பொறுத்தவரை ஒரு சாட்சியமே அல்ல.

இதற்காக எங்கள் பக்கம் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. ‘என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது’ என்ற வாதம் வழுக்குப் பாறை. கண் ஒளிக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். பத்து நிமிடம் மஞ்சள் ஒளியில் நின்றால் வெள்ளை வெள்ளையாகவே தெரியும். சென்சாருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அதனால் படம் முழுவதன் சாயலையும் சற்றுக் குளிர்ச்சியாகவோ வெப்பமாகவோ நகர்த்துவதை நான் பெரிய குற்றமாகக் கருதவில்லை. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது: பறவைக்கும் அதைச் சூழ்ந்த ஒளிக்கும் உள்ள உறவை அறுப்பதில்.

அந்திப் பறவை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்; எண் குறைந்தால் ஆரஞ்சு, கூடினால் நீலம். அடிவானச் சூரியனின் ஒளி ஏறக்குறைய 2,500 கெல்வின். சூரியன் படாத பக்கத்தில் விழும் நீல வானத்தின் ஒளி 8,000 கெல்வினுக்கும் மேலே போகும். ஒரே பறவையின் மேல் இரண்டு விளக்குகள். சூரியன் படும் மார்பை வெள்ளையாக்க ஒயிட் பேலன்ஸைக் குறைத்தால் நிழல் பக்கம் மை கொட்டியதுபோல் நீலமாகிவிடும். நிழலைச் சரிக்கட்டினால் மார்பு பழுத்த ஆரஞ்சாகும். நேர்மையாகத் திருத்துபவர் இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் நின்று, இரண்டு விளக்குகளையும் பார்ப்பவருக்கு விட்டுவைப்பார். மற்றவர் பறவையை மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது மென்பொருளில் அதன் வடிவத்தை மட்டும் தேர்ந்து பிரித்து, அதற்கு நடுப்பகல் நிறத்தைக் கொடுத்துவிட்டு, பின்னணியில் அந்தியை அப்படியே வைத்திருப்பார். உங்கள் பரிசுப் பட்டியல்களில் இந்த இரண்டாம் வகை தவறாமல் இடம்பிடிக்கிறது. பறவை ‘தெளிவாக’ இருக்கிறதல்லவா!

அதைக் கண்டுபிடிக்கத் தடயவியல் நிபுணர் தேவையில்லை. படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, சிறகின் நுனி இறகுகளைப் பாருங்கள். அவை மெல்லியவை, பின்னாலிருந்து ஒளி வந்தால் ஊடுருவிக் கசியும், இரண்டு இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் ஒரு படி அடர்த்தி கூடும். மாஸ்க் போட்டுச் சீராக வெளிச்சம் ஏற்றிய சிறகில் இந்த அடுக்கு வேறுபாடு மங்கிப்போகும், சிறகு அட்டைபோல் ஆகிவிடும். விளிம்பை ஒட்டி வானத்தில் நூலளவுக்கு வெளிறிய கோடு ஓடும். லென்ஸால் விளிம்புகளில் படியும் ஊதா ஓரத்தை நீக்கும் மென்பொருள் கருவியைக் கைதவறி அதிகம் ஓட்டியிருந்தால், அந்தியின் உண்மையான ஊதாவும் அதோடு போய், இறகோரம் மட்டும் சாம்பல் பூத்திருக்கும். கண்மணியையும் பாருங்கள். ஒளிப்புள்ளி மேலே இருக்க, வயிறு மட்டும் கீழிருந்து ஒளிபெற்றதுபோல் மின்னினால், கீழே தண்ணீரோ பனியோ மணலோ இருந்ததா என்று கேட்பது உங்கள் உரிமை.

அடிச்சிறகின் நுண்ணிழைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்சார் பதிந்ததை மாற்றாமல் வைத்திருக்கும் மூலக் கோப்புதான் ரா கோப்பு. 14 பிட் ரா கோப்பில் 16,384 ஒளிப் படிநிலைகள் உண்டு. அவற்றில் சரிபாதி, அதாவது 8,192, மிகப் பிரகாசமான ஒரே ஸ்டாப்புக்குள் அடங்கிவிடும் (ஒரு ஸ்டாப் இறங்கினால் ஒளி பாதியாகும்). ஐந்து ஸ்டாப் கீழே இருக்கும் இருண்ட அடிச்சிறகுக்கு மிஞ்சுவது 256. பிரகாசமான வானத்தைக் கண்டு கேமரா மீட்டர் பறவையை இருட்டாக்கிவிட்டால், அதை ஓரளவு தூக்கிவிடுவது மீட்டர் பறித்ததை மீட்பதுதான். ஆனால் அந்த 256 படிகளைப் பிடித்து இழுத்து, கிளம்பும் இரைச்சலை, அதாவது புள்ளி புள்ளியான கரடுமுரடை, செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் ஒப்படைத்தால், அது இல்லாத இறகிழைகளைத் தானே பின்னிக் கொடுத்துவிடும். கடற்கழி ஆலாவின் பச்சையைவிட எனக்கு இதுதான் அஞ்சத்தக்கது. விந்தை என்னவென்றால், இப்படிப் பின்னிய சிறகைத்தான் ‘அபாரமான நுணுக்கம்’ என்று பாராட்டுகிறார்கள்.

சந்தேகத்தைத் தீர்க்க வழி ஏற்கெனவே இருக்கிறது. 2013இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ என்னும் உலகப் பத்திரிகை ஒளிப்படப் போட்டியில் முதற்பரிசு பெற்ற படத்தின் ஒளியைப் பார்த்து, அது ஒட்டுவேலை என்று குற்றச்சாட்டு எழுந்தது. நிபுணர்கள் மூலக் கோப்போடு ஒப்பிட்டு, நிறமும் தொனியும்தான் மாற்றப்பட்டிருக்கின்றன, எதுவும் ஒட்டப்படவில்லை என்றார்கள். 2015இல் அதே போட்டி, இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் 20 சதவீதத்தை இப்படி ஒப்பிட்டுப் பார்த்தே நீக்கியது. ஒரு படத்தைக் காத்ததும் பல படங்களை வெளியேற்றியதும் மூலக் கோப்புதான். நடுவரின் உள்ளுணர்வு அல்ல. பறவைப் போட்டிகளிலும் ரா கோப்பு கேட்கும் வழக்கம் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் கடைசிச் சுற்றில். விசித்திர ஒளியில் எடுத்த படங்கள் அந்தச் சுற்றைப் பார்ப்பதற்குள் அடிபட்டுவிடுகின்றன.

ஆகவே கேட்கிறேன். ஒளி காரணமாக ஒரு படத்தை ஒதுக்க நினைத்தால், எந்தச் சுற்றானாலும், ரா கோப்பைக் கேட்டுவிட்டு ஒதுக்குங்கள். விண்ணப்பத்தில் கேமரா, லென்ஸ், ஷட்டர் வேகம் எல்லாம் கேட்கிறீர்கள். ஒளி எங்கிருந்து வந்தது, பறவைக்குக் கீழே என்ன இருந்தது என்று எழுத இரண்டு வரி இடம் விடுங்கள். பறவைக்கும் பின்னணிக்கும் வெவ்வேறு ஒயிட் பேலன்ஸ் கொடுத்திருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்று விதி எழுதுங்கள். எங்களில் சிலருக்கு இது கசக்கும், கசக்கட்டும்.

இன்னொன்று, சிறிய விஷயம்தான். முதல் சுற்றை இரவில் வீட்டில் மடிக்கணினியில் பார்க்கும் நடுவர்கள், கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று போட்டுவைத்திருக்கும் மஞ்சள் திரை அமைப்பை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
சிறகுகளைத் திருத்திக் கண் பூத்துப்போன ஒரு போட்டியாளர்