சனிக்கிழமைப் படம்: பேட் காரெட்டும் பில்லி த கிட்டும்

நண்பர்களே, இந்த வாரம் சாம் பெக்கின்பா 1973-ல் எடுத்த 'பேட் காரெட் அண்ட் பில்லி த கிட்' பார்க்கிறோம், சனி இரவு 9 மணிக்கு. ஒரு வேண்டுகோள்: 106 நிமிடப் பதிப்பைத் தொடாதீர்கள். அது எம்ஜிஎம் நிறுவனம் இயக்குநரின் விருப்பத்துக்கு மாறாக வெட்டி வெளியிட்டது. 122 நிமிடப் பதிப்பைத் தேடி எடுங்கள், அதில்தான், பில்லி என்ற கொள்ளைக்காரனைத் துரத்திய ஷெரீப் (உள்ளூர்க் காவல் அதிகாரி) காரெட், வயதான பிறகு சுடப்பட்டுச் சாவதில் படம் தொடங்கும். அந்தச் சாவை மனதில் வைத்துக்கொண்டு மீதிப் படத்தைப் பார்க்கும்போது அவர் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் கனக்கும்.

கதை உண்மையில் நடந்ததுதான். 1881 ஜூலையில் நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னரில் பில்லியை காரெட் சுட்டுக் கொன்றார். ஜேம்ஸ் கோபர்ன் காரெட்டாக நடிக்கிறார். வேட்டைக்குப் புறப்பட்டவர் போலவே தெரியவில்லை, போய்ச் சேர மனமில்லாமல் வழியெல்லாம் தாமதிக்கிறார், அந்தத் தயக்கம்தான் எனக்குப் படமே. பில்லியாக கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன்.

அப்புறம், வயிற்றில் குண்டு பாய்ந்த இன்னொரு வயதான ஷெரீப் ஆற்றங்கரைக்கு நடந்து போக, மனைவியாக நடிக்கும் கேட்டி ஹுராடோ சற்றுத் தள்ளி அழுதபடி பார்க்கும் இடம். பாப் டிலன் இந்தப் படத்துக்காக எழுதிய 'நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்' மெட்டு அங்கேதான் வருகிறது. அப்போது மட்டுமாவது கைப்பேசியைக் கீழே வைத்துவிடுங்கள். படம் முடியும்வரை குழுவில் யாரும் எதுவும் எழுத வேண்டாம், ஞாயிறு காலை பேசுவோம்.