தட்டைக் கோட்டை மாணவர்களிடமிருந்து மறைக்காதீர்கள்

பொறியியல் கல்லூரிகளின் மின்னணுவியல் ஆய்வகப் பாடத்திட்டத்தை வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். அலையியற்றிச் சுற்றை (ஆசிலேட்டர், அதாவது மின் அலையைத் தானே உண்டாக்கும் சுற்று) கணினியில் சிமுலேஷன் செய்யும் பயிற்சியில் ஒரே ஒரு மாற்றம் கேட்டு எழுதுகிறேன். மின்தேக்கியின் தொடக்க மின்னழுத்தத்தை முன்கூட்டியே நிரப்பி வைத்த கோப்பை மாணவர்கள் கையில் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பொத்தானை அழுத்தியதும் அலை வருகிறது, அச்செடுத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டுகிறார்கள், கையெழுத்து விழுகிறது. அலை எங்கிருந்து பிறந்தது என்று வைவாவில் கேட்டால் பதில் வருவதில்லை.

வீன் பிரிட்ஜ் என்ற அலையியற்றிச் சுற்றையே எடுத்துக்கொள்வோம். மின்தடை (R) 10 கிலோஓம், மின்தேக்கி (C) 10 நானோஃபாரட் என்று போட்டால் அதிர்வெண் ஏறக்குறைய 1,590 ஹெர்ட்ஸ். ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சிப்பு தரும் பெருக்கம் 3-ஐத் தாண்ட வேண்டும். பலகையில் பொருத்தி மின்சாரம் கொடுத்தால் சுற்று தானாக அலையத் தொடங்கும். அதையே கணினியில் வரைந்து ஓட்டினால் பெரும்பாலும் தட்டைக் கோடுதான் வரும்.

மென்பொருளில் பிழை எதுவும் இல்லை. 1970களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்பைஸ் என்ற சுற்று சிமுலேஷன் மென்பொருளும், அதன் வழிவந்த எல்டிஸ்பைஸ், என்ஜிஸ்பைஸ் போன்றவையும் முதலில் சுற்றின் நேர்மின் சமநிலையைக் கணக்கிடுகின்றன. அந்தப் புள்ளியிலிருந்துதான் நேரத்தை நகர்த்துகின்றன. எல்லா மின்னழுத்தங்களும் சமநிலையில் இருக்கும்போது அசைவதற்குக் காரணமே இல்லை. நிஜ மின்தடையில் வெப்ப இரைச்சல் ஓயாமல் இருக்கிறது, சுவிட்சைப் போடும்போது ஓர் உலுக்கலும் கிடைக்கிறது. நேரத்தை நகர்த்தும் இந்தக் கணக்கில் நாமாகச் சேர்க்காவிட்டால் இவை இரண்டும் இல்லை. அலையியற்றி இரைச்சலிலிருந்து பிறக்கிறது என்ற உண்மையை அந்தத் தட்டைக் கோட்டைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் வேறில்லை. அதைத்தான் மறைத்துவிடுகிறோம்.

இன்னொரு ஆபத்து எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. பெருக்கத்தைத் தீர்மானிக்கும் பின்னூட்ட மின்தடைகளை 19.9 கிலோஓம், 10 கிலோஓம் என்று வையுங்கள், பெருக்கம் 2.99. இந்தச் சுற்று தானாகத் தொடங்கவே தொடங்காது. ஆனால் மின்தேக்கியில் 5 வோல்ட்டை ஏற்றிவைத்து 5 மில்லிவினாடி மட்டும் ஓட்டினால் ஏழெட்டு அலைகள் திரையை நிரப்பிவிடும். வீச்சு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்திருப்பதை அவசரத்தில் யார் கவனிப்பார்கள்? செத்துக்கொண்டிருக்கும் சுற்றுக்கு முழு மதிப்பெண் போய்விடுகிறது.

ஆகவே, முதல் ஓட்டம் எந்த உதவியும் இல்லாமல் நடக்கட்டும். தட்டைக் கோடு ஏன் வந்தது என்று மாணவரே எழுதட்டும். பிறகு பெருக்கத்தை 3.2 ஆக்கி, மின்தேக்கியில் 1 மைக்ரோவோல்ட்டை மட்டும் தொடக்க உலுக்கலாகக் கொடுக்கச் சொல்லுங்கள். பெருக்கத்திலிருந்து 3-ஐக் கழித்து 2RC-ஆல் வகுத்தால் வளர்ச்சி வீதம் கிடைக்கும்; இங்கே மில்லிவினாடிக்கு ஏறத்தாழ 2.7 மடங்கு. 10 வோல்ட்டை எட்டச் சுமார் 16 மில்லிவினாடி ஆகும். 10 மில்லிவினாடியில் பார்த்தால் இருப்பது வெறும் 22 மில்லிவோல்ட்! கணக்கும் திரையும் ஒத்துப்போகும் அந்தக் கணத்தில் பார்க்ஹாசன் நிபந்தனை (அலை நீடிக்க, பின்னூட்டப் பாதையைச் சுற்றிவரும் சைகை வலுக்குறையாமல் அதே கட்டத்தில் திரும்ப வேண்டும் என்பது) மனப்பாட வரியாக இருப்பது நின்றுவிடும். வளர்ந்த அலை எங்கே நிற்கும் என்பது அடுத்த கேள்வி. சூடேறினால் மின்தடை கூடும் சிறு விளக்கு ஒன்றைப் பின்னூட்டத்தில் வைத்து 1930களின் இறுதியில் வில்லியம் ஹியூலெட் அதற்கு விடை கண்டார். அதைச் சொல்லிக்கொடுக்கவும் இதுவே இடம்.

மென்பொருள் நேரத்தை நகர்த்தும் படியின் அளவையும், அதற்கான கணக்கு முறையையும் (தொகையிடும் முறை) மாற்றிப் பார்க்க ஒரு ஓட்டம் ஒதுக்குங்கள். மின்தடையே இல்லாத LC சுற்றை (மின்தூண்டியும் மின்தேக்கியும் மட்டும் கொண்டது) அத்தகைய முறைகளில் ஒன்றான கியர் முறையில் பெரிய படிகளுடன் ஓட்டினால் அலை தேய்கிறது; அந்த இழப்பு கணக்கு முறையால் வருவது, சுற்றினுடையது அன்று. கைக்கடிகாரப் படிக அலையியற்றியை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடலாம். அது நிலைபெறவே ஒரு வினாடி வரை ஆகலாம். 32,768 ஹெர்ட்ஸில் அந்த ஒரு வினாடியை முழுதாக ஓட்டினால் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அலைகளைக் கணக்கிட வேண்டியிருக்கும்.

செலவைக் காரணம் காட்ட இடமில்லை. என்ஜிஸ்பைஸ் திறமூல மென்பொருள். அதன் மீது ஐஐடி பம்பாயில் உருவாக்கப்பட்ட ஈசிம் மென்பொருளும் இலவசம்.

செய்முறைத் தேர்வில் அலைவடிவ அச்சுக்கு இன்று தரும் மதிப்பெண்ணில் பாதியையாவது, தொடக்கம் குறித்த விளக்கத்துக்கும் வளர்ச்சி வீத அளவீட்டுக்கும் மாற்றித் தாருங்கள். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்திலேயே இதைச் சேர்க்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஓர் ஆய்வகப் பயிற்றுநர்