இபிஸா டீசல்: எஃப்.ஆரா, குப்ராவா?

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. மூன்றாம் தலைமுறை செயாட் இபிஸா காரில் 130 குதிரைத்திறன் எஃப்.ஆர். டீசல் வகையை வாங்கி ரீமேப் செய்தால் (என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளைச் சக்தி கூடும்படி மாற்றினால்), அதே காரின் 160 குதிரைத்திறன் குப்ரா வகைக்கு ஈடாகுமா என்று கேட்டிருந்தாய். காகிதத்தில் ஈடாகும், தாண்டியும் போகும். ஓட்டும்போது மட்டும் இரண்டும் ஒன்றாகாது.

கணக்கைப் பார். எஃப்.ஆர். நிமிடத்துக்கு 1900 சுழற்சியில் 310 நியூட்டன் மீட்டர் டார்க் (திருப்பு விசை) தருகிறது. 130 குதிரைத்திறன் வருவது 4000-இல். குப்ராவுக்கு அதே 1900-இல் 330, 160 குதிரைத்திறன் 3750-இல். உச்ச டார்க்கில் வித்தியாசம் வெறும் 20தான். ஆனால் 4000-இல் 130 குதிரைத்திறன் என்றால் அந்த இடத்தில் எஃப்.ஆரிடம் மிச்சமிருப்பது 228 நியூட்டன் மீட்டர். குப்ராவிடம் 3750-இல் 300 இருக்கிறது. கீழே இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இழுக்கும்; 3000-ஐத் தாண்டினால் எஃப்.ஆருக்கு மூச்சு வாங்கும். ஸ்கோடா ஃபாபியா வி.ஆர்.எஸ். முதல் தலைமுறைக்கும் இதே 130 என்ஜின், இதே குணம்.

ரீமேப் செய்கிறவர்கள் பெரும்பாலும் 165, 170 குதிரைத்திறன் என்று சொல்லிக் கொடுப்பார்கள். அதோடு டார்க் 380, 400-க்குப் போய்விடும். அது முழுக்க 2000 சுழற்சியை ஒட்டி வந்து விழும். கிளட்ச் வழுக்குவதும் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு அடி வாங்குவதும் அந்த இடத்தில்தான். அதனால் ரீமேப் செய்கிறவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்: 2000-க்குக் கீழே டார்க்கை அடக்கி வைக்கட்டும், கூட்டுவதை 2500-க்கு மேல் கூட்டட்டும். ஓட்டும்போது முதல் உதை குறைவாகத் தெரியும், வண்டி அதிக நாள் உழைக்கும்.

அதற்கு முன்னால் என்ஜின் நலமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களைச் சோதிக்கும் வி.சி.டி.எஸ். மென்பொருளை மாட்டி, அளவீடுகள் வரும் மூன்று குரூப்களை எடு. குரூப் 13-இல் என்ஜின் சூடாகி ஐட்லில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு திருத்தம் கேட்கிறது என்று தெரியும், பூஜ்ஜியத்திலிருந்து 2.8 மில்லிகிராமுக்கு மேல் எந்தப் பக்கம் விலகினாலும் இன்ஜெக்டரையோ கம்ப்ரெஷனையோ சந்தேகப்படு. குரூப் 3-இல் காற்றளவு. குரூப் 11-இல் என்ஜின் கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), கிடைத்த பூஸ்ட். மூன்றாவது கியரில் 1500-இலிருந்து 4000 வரை ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துப் பதிவு எடு. கிடைத்தது கேட்டதைவிட மேலே எகிறி, வண்டி திடீரென்று சக்தி இழந்து, 17965 கோளாறு கோடு வந்தால் டர்போவின் வேன்கள் (புகையோட்டத்தைத் திருப்பும் சிறு தகடுகள்) கரியில் சிக்கியிருக்கின்றன என்று முதலில் நினை. மெதுவாகவே ஓட்டப்பட்ட வண்டிகளுக்கு வருகிற நோய் இது. வேன்கள் முழுத் தூரம் அசையாததால் கரி அப்படியே இறுகிவிடுகிறது.

டர்போவைக் கழற்றும் முன் வேன்களை அசைக்கும் ஆக்சுவேட்டர் ராடைப் பார். என்ஜின் ஓடத் தொடங்கியதும் வெற்றிடத்தில் அது வழுக்கிக்கொண்டு கடைசி வரை போக வேண்டும், நிறுத்தினால் திரும்ப வேண்டும். நடுவில் தட்டுத் தட்டாக நின்றால் கரி. அசையவே இல்லையென்றால் மெல்லிய வெற்றிடக் குழாய்களிலோ வெற்றிடத்தைக் கட்டுப்படுத்தும் என்75 வால்விலோ கோளாறு. அது மலிவான வேலை. வேன்களின் அசைவுக்கு எல்லை வைக்கும் ஸ்டாப் ஸ்க்ரூவை மட்டும் யாரும் திருக விடாதே. எகிறுகிற பூஸ்டை அப்படி மறைத்து விற்பவர்கள் உண்டு.

ஆயில் விஷயத்தில் சமரசமே கூடாது. இது பம்ப்-இன்ஜெக்டர் என்ஜின். ஒவ்வொரு இன்ஜெக்டரையும் கேம்ஷாஃப்ட்டே அழுத்தி 2000 பாருக்கு மேல் கொண்டுபோகிறது. அதற்கான லோபுக்கு (கேம்ஷாஃப்ட்டின் மேட்டுக்கு) இடம் விட வேண்டியிருப்பதால் வால்வு லோபுகள் ஒல்லியாகிவிட்டன. ஃபோக்ஸ்வாகனின் 505.01 தரம் இல்லாத ஆயில் ஊற்றினால் லோபும் டாப்பெட்டும் தேயும். வாங்கும் முன் ராக்கர் கவரைத் திறந்து லோபின் நுனி மழுங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல். அரை மணி நேர வேலை. டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருந்து டீசல் வாடை அடித்தால் எரிபொருளையும் வெற்றிடத்தையும் தரும் டேண்டம் பம்பின் சீலோ இன்ஜெக்டர் ஓ-ரிங்கோ போயிருக்கிறது.

கிளட்ச்சுக்கு எளிய சோதனை ஒன்று: ஆறாவது கியரில் 1800 சுழற்சியில் மேட்டில் முழுக்க மிதி. சுழற்சி ஏறி வேகம் ஏறவில்லையென்றால் ரீமேப் பேச்சையே எடுக்காதே. என்ஜினை அணைக்கும்போது கடகடவென்று சத்தம் வந்தால் டூயல் மாஸ் ஃப்ளைவீலும் (அதிர்வை விழுங்கும் இரட்டைச் சக்கரம்) செலவுக் கணக்கில் சேரும். ஒற்றை ஃப்ளைவீலுக்கு மாற்றச் சொல்லுவார்கள். பலம் வரும், ஆனால் ஐட்லில் கியர்பாக்ஸ் கலகலக்கும். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு எனக்கு அது பிடிக்கவில்லை.

எஃப்.ஆரில் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சக்கர வளைவுக்குள் ஒளிந்திருக்கும் சிறிய டப்பா. இரண்டு மூன்று முறை தொடர்ந்து மிதித்தாலே சூடேறிவிடும். செயாட் லியோனிலும் நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபிலும் வந்த 150 குதிரைத்திறன் என்ஜினுக்கு முன்பக்க இன்டர்கூலர் கொடுத்தது சும்மா இல்லை. கிளட்ச்சுக்கு அடுத்து நீ செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான். 150-இன் இன்டேக் மேனிஃபோல்டும் இன்ஜெக்டர்களும் அதற்கடுத்து. அந்த அளவுக்குப் போனால் பூஸ்ட் சென்ஸாரையும் மாற்ற வேண்டும். கம்பெனி சென்ஸார் 2.5 பார் வரைதான் படிக்கும், அதில் காற்றுமண்டலத்தின் 1 பாரும் அடக்கம். 3 பார் சென்ஸார் மாட்டி அதற்கேற்ப மேப்பையும் எழுதாவிட்டால் கம்ப்யூட்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிற மாதிரி.

பிரேக்குக்கு 288 மில்லிமீட்டர் டிஸ்கை 312 ஆக்குவது நல்ல வழி. காலிப்பர் அதுவே இருக்கும். அதைத் தாங்கும் கேரியரும் டிஸ்கும் மாறும். 16 அங்குல சக்கரம் என்றால் உள்ளே இடிக்கிறதா என்று மாட்டிப் பார்த்துவிட்டு வாங்கு.

இவ்வளவையும் கூட்டினால், நல்ல குப்ரா கிடைக்கும்போது எஃப்.ஆரைக் குப்ராவாக்க நான் சொல்லமாட்டேன். குப்ரா கிடைக்கவில்லை, எஃப்.ஆர். சுத்தமாக இருக்கிறது என்றால் கிளட்ச், இன்டர்கூலர், பிரேக், கடைசியாக ரீமேப். இந்த வரிசை மாறக்கூடாது.

பார்க்கப் போகிற வண்டியின் குரூப் 11 பதிவை எனக்கு அனுப்பு. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அனுப்பு.

அன்புடன்,
சேகர்