ஓய்வுக்குப் பிறகும் கால்கள் வேண்டும்: ஃபிஃபாவுக்கு ஒரு திறந்த மடல்

உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கும் அதன் மருத்துவப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

அர்ஜென்டினாவின் கால்பந்து முன்கள வீரர் கேப்ரியல் பாட்டிஸ்டூட்டா 2014-ஆம் ஆண்டில் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் சொன்னவற்றை நீங்கள் கட்டாயம் அறிந்திருப்பீர்கள். 2005-இல் ஆட்டத்திலிருந்து விலகியதுமே அவரால் நடக்க முடியாமல் போயிற்று. கழிப்பறை மூன்று மீட்டர் தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து நின்றால் கணுக்கால் வலி உயிரை எடுத்துவிடும் என்பதால் படுக்கையிலேயே சிறுநீர் கழித்திருக்கிறார். தாங்க முடியாத ஒரு கட்டத்தில், தமக்குத் தெரிந்த மருத்துவரிடம் போய், கால்களை வெட்டி எடுத்துவிடும்படி கேட்டிருக்கிறார். மருத்துவர் மறுத்துவிட்டார். குருத்தெலும்பு தேய்ந்துபோனதால் எண்பது கிலோவுக்கும் அதிகமான உடல் எடை முழுவதையும் வெறும் எலும்புகளே தாங்கிக்கொண்டிருந்தன. பிறகு ஒரு கணுக்காலைத் திருகாணி வைத்து இறுக்கினார்கள். 2019-இல் ஸ்விட்சர்லாந்தில் செயற்கை மூட்டு பொருத்தினார்கள்.

அந்தக் கால்கள் எதற்காகத் தேய்ந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். 1991-இல் இத்தாலிக்குப் போன அவர், ஃபியோரென்டினா அணிக்காக ஒன்பது பருவங்களில் 200-க்கும் மேற்பட்ட கோல்களை அடித்தார். 1993-இல் அணி இரண்டாம் நிலை லீகுக்கு இறங்கியபோது விட்டு ஓடாமல் உடனிருந்து மேலே கொண்டுவந்தார். அடுத்த பருவமான 1994-95-இல் முதல் பதினொரு சுற்றுகளிலும் தொடர்ந்து கோல் அடித்து, 26 கோல்களுடன் இத்தாலியின் முதல்நிலை லீகான சீரி ஏ-யிலேயே அதிக கோல் அடித்தவர் ஆனார். 1994, 1998 என்று இரண்டு உலகக் கோப்பைகளில் ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்) அடித்தவர் அவர் ஒருவரே. 31 வயதில் ரோமா அணி அவரை 7,000 கோடி லிராவுக்கு (அப்போதைய இத்தாலிய நாணயம்) வாங்கியது. 2001-இல் அவருடைய 20 கோல்களின் பலத்தோடு அந்த அணி சாம்பியன் ஆனது.

1999 அக்டோபரில் லண்டனின் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தின் ஆர்சனல் அணிக்கு எதிராக அவர் அடித்த கோலை மட்டும் மீண்டும் ஒருமுறை பார்க்கும்படி உங்கள் மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வலப்பக்க ஓரத்தில் பந்தை எடுத்து, தடுப்பாட்டக்காரரைக் கடந்து, கோணமே இல்லாத இடத்திலிருந்து வலது காலால் அவர் விளாசுகிறார்; பந்து வலையின் எதிர் மூலையின் மேற்பகுதியில் போய் விழுகிறது. நாங்கள் எல்லோரும் பந்தைத்தான் பார்த்தோம். ஓடி வந்த வேகத்தோடு தரையில் ஊன்றி, உடலின் எடையையும் திருகலையும் ஒருசேரத் தாங்கிய இடது கணுக்காலை நாங்கள் பார்க்கவில்லை. ஒரு முன்கள வீரர் இதே அசைவை ஆட்டங்களில் மட்டுமல்ல, ஒவ்வொரு நாள் பயிற்சியிலும் மறுபடி மறுபடி செய்கிறார்.

வலியோடு ஆடியது அவருடைய விருப்பம்தானே என்று சிலர் கேட்கக்கூடும். அந்த விருப்பம் எத்தகைய சூழலில் பிறக்கிறது என்பதைப் பாருங்கள். அவர் இத்தாலிக்குப் போன காலத்தில் ஓர் அணி மூன்று வெளிநாட்டவரை மட்டுமே களமிறக்கலாம். வேறொரு கண்டத்திலிருந்து வந்த இளைஞர் இரண்டு வாரம் உட்கார்ந்தால் அந்த இடத்துக்கு வேறொருவர் தயாராக இருப்பார். 1999 பிப்ரவரியில் ஃபியோரென்டினா பட்டியலின் உச்சியில் இருந்தபோது அவர் காயமடைந்தார். அணி மூன்றாமிடத்தில்தான் முடித்தது. ஒரு நகரமே தன் காலை நம்பிக் காத்திருக்கும்போது, இன்னும் ஒரு வாரம் ஓய்வு வேண்டும் என்று எந்த வீரரால் சொல்ல முடியும்? அவர் சார்பில் அதைச் சொல்ல வேண்டிய மருத்துவரோ அதே கிளப்பிடம் சம்பளம் வாங்குகிறார்.

இது பழங்கதை அல்ல. 2010 உலகக் கோப்பையில் ஆடியவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு வலிநிவாரணி எடுத்துக்கொண்டதாக உங்கள் மருத்துவர்களின் ஆய்வே காட்டியது. போட்டி நாட்களில் ஸ்டீராய்டு ஊசிகளை 2022 முதலும், டிரமடால் என்ற வலிநிவாரணியை 2024 முதலும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை தடைசெய்திருக்கிறது. நல்ல முடிவுகள்தான். ஆனால் மூட்டை மரத்துப்போகச் செய்யும் ஊசிக்கு இன்றும் தடை இல்லை. வலி என்பது உடல் தரும் எச்சரிக்கை. அதை அணைத்துவிட்டு ஆடச்சொல்வதுதான் மூட்டுக்கு மிகப் பெரிய கேடு என்று நான் கருதுகிறேன்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். மூட்டில் போடப்படும் ஒவ்வோர் ஊசியும் நாள், மருந்து, காரணம் ஆகியவற்றோடு பதிவாக வேண்டும். அதன் பிரதி வீரரின் கையில், அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். களமிறங்கலாமா என்பதில் கிளப்பைச் சாராத மருத்துவர் ஒருவரின் சொல்லே இறுதியானதாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஓய்வு பெறும் நாளில் ஒவ்வொரு தொழில்முறை வீரரின் மூட்டுகளையும் பரிசோதித்து, அதன்பின் குறைந்தது பத்தாண்டுகளுக்கான சிகிச்சைச் செலவைப் போட்டி வருமானத்திலிருந்தே ஏற்க வேண்டும். ஆட்டங்களுக்கு இடையே 72 மணி நேர ஓய்வு தேவை என்று 2025 ஜூலையில் நீங்களே அறிவித்தீர்கள், அதை வரவேற்கிறேன். ஆனால் கடைசி ஆட்டத்துக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2019 முதல் 2022 வரையிலான நான்கு ஆண்டுகளில் 750 கோடி டாலருக்கும் மேல் ஈட்டிய அமைப்புக்கு இது சுமையாக இருக்காது.

பாட்டிஸ்டூட்டாவுக்குப் புகழும் பணமும் இருந்தன. ஸ்விட்சர்லாந்து வரை போய்ச் சிகிச்சை பெற முடிந்தது. அர்ஜென்டினாவிலிருந்தும் பராகுவேயிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் கிளம்பி, சிறிய நாடுகளின் இரண்டாம் நிலை லீக்குகளில் ஓராண்டு ஒப்பந்தங்களில் ஆடி, பெயர் தெரியாமலே ஊர் திரும்பும் முன்கள வீரர்களுக்கு அந்த வசதி கிடையாது. மேலே கேட்ட நிதி முதலில் அவர்களைச் சென்றடையும்படி விதிகளை வகுக்குமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்து ரசிகர்