படிவத்தில் இடமில்லாத கருத்து

அன்புள்ள சேகர்,

ஏழு மாதமாகப் பதில் போடாதது என் தப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. கணக்கு வாத்தியாரைப் பத்துமலைப் படியில் பார்த்தேன். உன்னைத்தான் முதலில் விசாரித்தார், இன்னும் அந்தக் குடைக்காக!

இப்போது எழுதக் காரணம் வேறு. நடைபாதைத் தர ஆவணம் ஒன்றின் வரைவுக் குழுவில் நான் இருப்பது உனக்குத் தெரியும். பொதுமக்கள் கருத்துச் சொல்ல 60 நாள் விட்டோம். வந்தவற்றில் பெரும்பாலானவை எழுத்துப்பிழை, காற்புள்ளி பற்றியவை. மக்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று குழுவில் சிலர் மகிழ்ந்தார்கள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை வரைவை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் நான்கு பேரிடம் போனேன். கோப்பு, ஸ்கேன் செய்த வெறும் படம். அவர்கள் கைப்பேசியால் அதை வாசிக்க முடியவில்லை. நானே உரக்கப் படித்தேன். நடைபாதையில் பதிக்கும் ஓடுகளில், கோடு போட்ட மஞ்சள் ஓடு பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும், புள்ளி வைத்தது எச்சரிக்கும் என்ற இடத்தில் ஒரு பெரியவர் நிறுத்தினார். "படித்தது போதும் தம்பி, வா நடப்போம்" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அரைமணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. ஓர் இடத்தில் மஞ்சள் கோடு நேரே விளக்குக் கம்பத்தில் போய் முட்டுகிறது. மழை பெய்தால் ஓடு வழுக்குகிறது. தேய்ந்த புள்ளிகள் செருப்புக் காலுக்குத் தட்டுப்படுவதே இல்லை. தேய்மானத்தைப் பற்றி எங்கள் வரைவில் ஒரு வரி கிடையாது, சேகர்!

இதை அவர் எப்படி அனுப்பியிருப்பார்? கருத்து அனுப்பும் படிவம் கேட்பது பிரிவு எண், கருத்தின் வகை, மாற்றாக வைக்க வேண்டிய வாசகம். இல்லாத பிரிவுக்கு எண் ஏது? உங்கள் இணையக்காரர்கள் இதில் எவ்வளவோ மேல். இணையம் இயங்கும் விதிகளைப் பற்றிக் கருத்துக் கேட்டு எழுதும் ஆர்.எஃப்.சி. (RFC) குறிப்புகளை 1969இல் ஸ்டீவ் குரோக்கர் தொடங்கியபோது, மெருகேற்றக் காத்திருக்காமல் உடனே எழுதுங்கள் என்று மூன்றாம் குறிப்பிலேயே சொல்லிவிட்டார் அல்லவா? நீதான் எனக்கு அதைக் காட்டினாய்.

அடுத்த கூட்டத்தில் நான் கேட்கப் போவது இதுதான்: அவர்கள் நடந்து காட்டட்டும், படிவத்தை நாம் நிரப்புவோம். ஏற்றோமா, தள்ளினோமா, ஏன் என்று, கருத்துச் சொன்னவருக்குப் பதிலும் போக வேண்டும். "முன்பும் ஒருவர் எழுதிக்கொண்டு போனார், அப்புறம் ஆளையே காணோம்" என்றார் பெரியவர். அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நீயும் பட்டர்வொர்த்தில் சும்மா உட்கார்ந்திருக்காதே. உன் சித்தப்பாவைச் சக்கர நாற்காலியில் ஜார்ஜ்டவுன் கடைவீதிக்கு ஒருமுறை அழைத்துப் போ. எங்கெங்கே நாற்காலியைத் தூக்க வேண்டியிருந்தது என்று அவர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்பு. கூட்டம் 18ஆம் தேதி, அதற்குள் வேண்டும்.

உன்
மணி